டிக்ளிவிட்டி: சரிவா, இறக்கமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஆங்கிலப் பயண நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். மலைப்பாதைகளை வருணிக்கும் இடங்களில் 'டிக்ளிவிட்டி' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அகராதி 'சரிவு' என்கிறது. எல்லா இடங்களிலும் அதையே எழுதினால் போதுமா? ஆங்கிலத்தில் எழுதும்போது இச்சொல்லை நாமும் பயன்படுத்தலாமா?

வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

அகராதி சொல்வது தவறில்லை. ஆனால் அச்சொல்லுக்குள் இருக்கும் திசையை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. இலத்தீனில் 'கிளீவுஸ்' என்றால் சரிவு. கீழ்நோக்குதலைக் குறிக்கும் 'டே' என்ற முன்னொட்டு அதனுடன் சேர்ந்து டிக்ளிவிட்டி உருவானது. ஏற்றத்தைக் குறிப்பது அக்ளிவிட்டி. ஆகவே ஒரே மலைப்பக்கம் உச்சியில் நிற்பவருக்கு டிக்ளிவிட்டியாகவும் அடிவாரத்தில் நிற்பவருக்கு அக்ளிவிட்டியாகவும் தெரிகிறது. மன இயல்பின் சாய்வைச் சொல்லும் ப்ரொக்ளிவிட்டியும் இதே வேரினதுதான். நிலத்துக்கான சொல் மனத்துக்கும் ஆவது நம் 'சாய்வு' என்ற சொல்லிலும் நிகழ்ந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை.

நம் 'சரிவு' திசை பார்ப்பதில்லை. சரிவில் ஏறினார் என்றும் எழுதலாம், இறங்கினார் என்றும் எழுதலாம். 'இறக்கம்' திசையைக் காட்டும், ஆனால் இறங்கும் செயலையும் இறங்கும் நிலத்தையும் அந்த ஒரே சொல்லால் குறிக்கிறோம். டிக்ளிவிட்டி நிலத்தை மட்டுமே குறிக்கும். செயலுக்கு ஆங்கிலத்தில் 'டிசென்ட்' இருக்கிறது. எனவே பயணி மேலிருந்து கீழே பார்க்கிற, அல்லது இறங்கத் தொடங்குகிற இடங்களில் 'இறக்கம்' என்றும், தொலைவிலிருந்து மலையை வருணிக்கும் இடங்களில் 'சரிவு' என்றும் எழுதுங்கள். மலைப்பக்கத்துக்குச் 'சாரல்' என்ற அழகான பழஞ்சொல் உண்டு. இன்று அதைத் தனியே எழுதினால் பலருக்குத் தூறலே நினைவுக்கு வரும் என்பதால் 'மலைச்சாரல்' என்றே எழுதுவது நல்லது.

விலைச்சரிவு என்று நாம் சொல்வதைப் பார்த்து, விலை குறைவதற்கு டிக்ளிவிட்டியை எழுதிவிடாதீர்கள். அங்கே 'டிக்ளைன்' என்பதே பொருந்தும். அன்றாட ஆங்கிலத்தில் 'ஸ்லோப்' போதும். 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் வழங்கிவரும் டிக்ளிவிட்டி இன்று பெரும்பாலும் ஏட்டுநடைச் சொல்லாகவே இருக்கிறது; நில அமைப்பைத் துல்லியமாக விவரிக்கும் கட்டுரையில் அது இயல்பாக அமையும், கடிதத்தில் உறுத்தும்.

அன்புடன்,
ஆசிரியர்