தோட்டத்துப் பத்திரத்தை வைத்து பைனான்ஸ் படிக்க வைக்கலாமா?

கேள்வி: பாப்பா கோயமுத்தூர்ல பி.காம். முடிச்சிருக்குதுங்க. எம்.பி.ஏ. பைனான்ஸ்தான் படிப்பேன்னு நிக்குது. அரசுப் பல்கலைக்கழகத்துல ரெண்டு வருசமும் சேர்த்து ஒன்றரை லட்சத்துல முடிஞ்சிரும். பெங்களூர்ல பேரெடுத்த பைனான்ஸ் கல்லூரி ஒண்ணுலயும் இடம் கெடைச்சிருக்குது, விடுதியோட 20 லட்சமாம். தோட்டத்துப் பத்திரத்தை வெச்சுச் சேர்த்தலாமுங்களா? – ஒரு தகப்பனார், கோபிசெட்டிபாளையம்.

பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டுங்க. கடனை வசூலிக்க வங்கிகள் நம்பியிருக்கும் 2002-ஆம் ஆண்டு சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் கல்விக் கடனுக்குத் தோட்டத்தை ஈடாக வாங்க வங்கிகள் தயங்கும். வீடு, மனை, வைப்புத்தொகை என்றுதான் கேட்கும். கடைசியில் அந்தப் பத்திரம் உள்ளூர் பைனான்ஸில் போய் உட்காரும். நூற்றுக்கு ரெண்டு வட்டி என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு அது 24 சதவீதம். அந்த வட்டிக்கு எந்தப் படிப்பும் கட்டுபடியாகாது.

கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு பொதுத்துறை வங்கிக்குப் போங்கள். வழக்கமான கல்விக் கடனில் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் ஈடு கேட்பார்கள். ஆனால் நல்ல கல்லூரிகள் என்று வங்கிகளே ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் இருந்தால் ஈடு இல்லாமலே பெரிய தொகை கிடைக்கும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியும் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்குத்தான்: ஈடும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. உங்கள் கல்லூரி இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை என்றால், அதன் பேரை நம்பிக் கடன் கொடுக்க வங்கியே தயாராக இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். விளம்பரப் பலகையைவிட இது நம்பகமான தகவல்.

அடுத்தது தவணைக் கணக்கு. 10 சதவீத வட்டியில் வருடத்துக்கு 10 லட்சமாக 20 லட்சம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும், அதற்குள் வட்டியே 5 லட்சம் ஏறியிருக்கும். 25 லட்சத்தை 10 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 33,000 ரூபாய் ஆகும். தவணை தொடங்கும்வரை வட்டியை மட்டும் மாதாமாதம் நீங்கள் கட்டி வந்தால் (முதல் வருடம் மாதம் 8,300, பிறகு 16,700) தவணை 26,400-ல் நிற்கும்.

கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக்கூடாது என்பது என் அளவுகோல். அப்படியென்றால் பாப்பாவுக்கு மாதம் ஒரு லட்சம் கையில் வர வேண்டும். கல்லூரி சொல்லும் சி.டி.சி. (நிறுவனம் ஒருவருக்காக ஆண்டுக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை) அதுவல்ல. நிறுவனம் கட்டும் பி.எஃப்., பணிக்கொடை, காப்பீடு, வருமோ வராதோ என்ற ஊக்கத்தொகை எல்லாம் சி.டி.சி.க்குள் அடக்கம். 10 லட்சம் சி.டி.சி. என்றால் கையில் 65,000 முதல் 70,000 வந்தால் அதிகம்.

விளம்பரத்தில் போடுகிற உச்ச சம்பளம் ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்தது. உங்களுக்கு வேண்டியது இடைநிலைச் சம்பளம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரியானால், அந்தத் தொகையும் வேலை பெற்றவர் எண்ணிக்கையும் அதன் இணையதளத்திலேயே இருக்கும். அடுத்து, போன வருட மாணவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். பைனான்ஸ் வேலை என்று கணக்குக் காட்டுவதில் நிறைய, வங்கிக் கிளையில் காப்பீடும் கடனும் விற்கும் டார்கெட் வேலைகள். அதற்கு 20 லட்சம் செலவழிக்க வேண்டியதில்லை.

பாப்பாவுக்கு முதலீட்டு வங்கியோ பங்கு ஆய்வோதான் குறி, பத்தாவது முதல் டிகிரி வரை நல்ல மதிப்பெண் (அந்த நிறுவனங்கள் பழைய மதிப்பெண்ணையும் பார்த்துத்தான் வடிகட்டும்), கல்லூரியின் இடைநிலைச் சம்பளமும் நம் கணக்கைத் தாண்டுகிறது என்றால், வங்கிக் கடனில் தாராளமாகச் சேருங்கள். எம்.பி.ஏ. பட்டமாக இல்லாமல் பட்டயப் படிப்பாக (பி.ஜி.டி.எம்.) இருந்தால், இத்தகைய படிப்புகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். பேரும் வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றால் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறையான எஃப்.எம்.எஸ். இருக்கிறது. அதற்கு நவம்பரில் கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், போட்டி கடுமை.

இதில் ஏதாவது ஒன்று இடித்தால் பல்கலைக்கழகமே போதும். ஆனால் அங்கே கம்பெனிகள் வரிசையில் வந்து நிற்காது. முதல் செமஸ்டரிலேயே எக்செல் கை பழக வேண்டும். கே.பி.ஆர். மில் மாதிரி நம் பக்கத்துப் பட்டியலிட்ட நிறுவனம் ஒன்றின் ஐந்து வருட ஆண்டறிக்கையை இறக்கி, சரக்கு எத்தனை நாள் தேங்குகிறது, பாக்கி எத்தனை நாளில் வசூலாகிறது என்று போட்டுப் பார்க்கட்டும். பருத்தி வரத்துக் காலத்தில் மில்கள் வாங்கிக் குவிக்கும். அதனால் மார்ச் 31-ல் கையிருப்பும் குறுகியகாலக் கடனும் சேர்ந்தே வீங்கித் தெரியும். இதைத் தானே கண்டுபிடித்து விளக்கத் தெரிந்த பெண்ணை நேர்காணலில் யாரும் லேசில் விட மாட்டார்கள். கோடை விடுமுறையில் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இரண்டு மாதம் உட்கார்ந்தால் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடன்), எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதம்), டாலருக்கு முன்கூட்டியே விலை கட்டும் பார்வர்டு எல்லாம் நிஜத் தாளிலேயே பார்த்துவிடலாம். இதோடு பங்குச்சந்தைக் கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் பங்கு ஆய்வாளர் தேர்வு ஒன்றையும் எழுதி வைக்கலாம். வங்கி அதிகாரி வேலைதான் ஆசை என்றால் ஐ.பி.பி.எஸ். தேர்வுக்கு டிகிரியே போதும், எம்.பி.ஏ. தேவையே இல்லை.

"இடம் போய்விடும்" என்று சொல்லி முன்பணம் கேட்பார்கள். ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி பெற்ற கல்லூரியானால், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது விதி. கட்டினால் வங்கி மூலம் கட்டி ரசீது வாங்குங்கள். விலகும்போது கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதி பதிவாகிவிடும். அசல் மதிப்பெண் சான்றிதழைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.