ஓர் இரவுக்கு அரை லட்சம்: வியன்னாவின் பழைய ஹோட்டலில் தங்கலாமா?

கேள்வி: இது எங்கள் திருமணத்தின் 25-வது ஆண்டு. மனைவி பள்ளியில் இசை ஆசிரியை, வயலின் வாசிப்பார், பீத்தோவன் என்றால் உயிர். வருகிற மே மாதம் ஆறு நாள் வியன்னா போகலாம் என்று இருக்கிறோம். அங்கே அரசு ஓப்பரா என்ற இசை நாடக அரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஹோட்டல் சாஹரில் மூன்று இரவு தங்க வேண்டும் என்பது என் ஆசை. முன்பதிவுத் தளம் ஒன்றில் 'பணம் திரும்பக் கிடைக்காது' என்ற விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறது. விசா இன்னும் வாங்கவில்லை. இப்போதே பதிவு செய்துவிடலாமா? அத்தனை பணத்துக்கு அந்த இடம் தகுமா?
- திருச்சி வாசகர்

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த விலையில் பதிவு செய்யாதீர்கள். விசா விண்ணப்பத்தோடு எங்கே தங்கப்போகிறீர்கள் என்று காட்டத்தான் வேண்டும். அதற்கு ரத்து செய்யக்கூடிய பதிவே போதும். விசா மறுக்கப்பட்டால் ஆளுக்கு 90 யூரோ கட்டணம் திரும்பி வராது. அதோடு மூன்று இரவு வாடகையும் போனால் தாங்காது. 'ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பிவிடலாமே' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த ஹோட்டல் அறைக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

ரத்து செய்யக்கூடிய பதிவிலும் ஒரு சிக்கல் உண்டு. 'மாலை 6 மணி வரை இலவசமாக ரத்து செய்யலாம்' என்று போட்டிருந்தால் அது வியன்னாவின் 6 மணி. மே மாதத்தில் நம் கடிகாரம் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் நமக்கு அது இரவு 9.30. எந்தத் தேதி, எத்தனை மணி என்பதைப் பதிவு செய்த அன்றே காலண்டரில் எழுதிவிடுங்கள்.

சரி, தகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேருக்கான அறை அங்கே 500 யூரோவுக்குக் கீழே கிடைப்பது அரிது. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் ஓர் இரவுக்கு அரை லட்சம். அந்தப் பணத்துக்கு மெத்தையும் குளியலறையும் மட்டும் வாங்குவதானால் வேண்டவே வேண்டாம் என்பேன். பாதி விலையிலும் நல்ல தூக்கம் கிடைக்கும். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பவர் பீத்தோவன் பைத்தியம் என்கிறீர்களே, அதனால் என் பதில் மாறுகிறது.

அந்த ஹோட்டலைத் தொடங்கியவர் எடுவார்ட் சாஹர், ஆண்டு 1876. அதற்கு முன் அந்த இடத்தில் கெர்ன்ட்னர்டோர் நாடக அரங்கம் இருந்தது. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனி முதன்முதலாக ஒலித்தது அந்த அரங்கத்தில்தான், 1824 மே 7 அன்று. அவருக்கு அப்போது காது சுத்தமாகக் கேட்காது. இசை முடிந்து கூட்டம் கைதட்டுவது தெரியாமல் நின்றவரைப் பாடகி ஒருவர் தொட்டு, கூட்டத்தின் பக்கம் திருப்பி நிறுத்தினார் என்று சொல்வார்கள். வயலின்காரர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. வயலின் இசைக்குப் பேர்போன இசையமைப்பாளர் விவால்டி 1741-ல் இறந்தபோது குடியிருந்த வீடும் இன்றைய ஹோட்டல் மனையின் ஒரு பகுதியில்தான் இருந்தது. அவர் நினைவாக அங்கே ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே என் யோசனை இது: மூன்று இரவு வேண்டாம், ஒன்று போதும். உங்கள் ஆறு நாளுக்குள் மே 7 வருகிற மாதிரி டிக்கெட் போட்டு, அந்த இரவை மட்டும் சாஹரில் எடுங்கள். மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. போய் இறங்கும் நாளில் தங்காதீர்கள். அறை பிற்பகலில்தான் கொடுப்பார்கள், நீங்களும் விமானக் களைப்பில் தூங்கியே இரவைத் தீர்த்துவிடுவீர்கள். விடியற்காலை விமானம் இருக்கும் கடைசி நாளும் வேண்டாம். மே 7 காலையிலேயே பெட்டியை சாஹர் வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றுங்கள். மாலையில் எதிரே இருக்கும் ஓப்பராவுக்குப் போய்விட்டு நடந்தே திரும்புங்கள். மற்ற இரவுகளுக்கு 'பென்சியோன்' என்ற சிறிய விடுதிகளைப் பாருங்கள். பழைய அடுக்குமாடி வீடுகளில் ஒரு தளத்தை விடுதியாக நடத்துவார்கள். ஊரின் நடுவிலேயே இருக்கும்.

மிச்சமாகும் பணத்தில் இசை கேளுங்கள். ஓப்பராவிலும் மியூசிக்ஃபெராயின் என்ற கச்சேரி அரங்கிலும் நின்று கேட்கும் இடங்கள் உண்டு, உட்காரும் இடத்தோடு பார்த்தால் விலை மிகவும் குறைவு. மியூசிக்ஃபெராயின் இருப்பது ஹோட்டல் இம்பீரியலின் பின்பக்கம். அந்த இம்பீரியலும் பெரும் பேர் பெற்ற ஹோட்டல்தான். ஒரு பிரபுவுக்காக 1863-ல் கட்டிய மாளிகை, 1873 உலகக் கண்காட்சிக்காக ஹோட்டலானது. உள்ளே போய்ப் பார்க்க அறை எடுக்கத் தேவையில்லை, அதன் கஃபேயில் ஒரு காபி குடித்தால் போதும்.

சாஹரின் பெயர்போன சாக்லேட் கேக்கும் அப்படித்தான். கீழே இருக்கும் கஃபேயில் யாரும் சாப்பிடலாம், வரிசையில் நிற்கத் தயாராக இருந்தால் சரி. எடுவார்டின் அப்பா ஃபிரான்ஸ் சாஹர் 1832-ல் செய்தது அது. 'அசல்' என்ற பெயர் யாருக்கு என்று ஹோட்டலுக்கும் டெமெல் என்ற கேக் கடைக்கும் நீதிமன்றத்தில் நடந்த சண்டை 1963-ல்தான் சமரசமானது. ஹோட்டல் கேக்கில் ஆப்ரிகாட் ஜாம் நடுவிலும் இருக்கும், மேலே சாக்லேட் பூச்சுக்கு அடியிலும் இருக்கும். டெமெல் கேக்கில் பூச்சுக்கு அடியில் மட்டும். ஹோட்டலுடையதில் வட்ட முத்திரை, டெமெலுடையதில் முக்கோணம். சர்க்கரை போடாத க்ரீமோடு தருவார்கள். ஊருக்கு வாங்கி வருவதானால் முட்டை சாப்பிடாத வீடுகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், முட்டை சேர்த்துச் செய்வது அது.

பதிவு செய்தபின் ஹோட்டலுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பழைய கட்டடத்தில் ஒரே விலை அறைகள்கூட ஒன்றுபோல இருக்காது. ஜன்னல் தெருவைப் பார்க்கிறதா, உள்முற்றத்தையா? எத்தனை சதுர மீட்டர்? காலை உணவும் நகர வரியும் விலையில் அடக்கமா? ஆஸ்திரியாவில் இரட்டைக் கட்டில் என்பது பல இடங்களில் இரண்டு மெத்தைகளை ஒட்டிப் போட்டு, ஆளுக்கொரு போர்வை வைப்பது. ஒரே மெத்தை வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள். 25-வது ஆண்டு என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். இம்மாதிரி ஹோட்டல்களில் அதற்கு மதிப்புக் கொடுப்பார்கள்.

கேள்வி: சென்னைப் பயண நிறுவனம் ஒன்றின் மூலம் ஐரோப்பியத் தலைநகர் ஒன்றில் நூறாண்டு பழைய ஹோட்டலில் அறை எடுத்தோம். நிறுவனம் தந்த பயணத்திட்டத்தில் 'நதியைப் பார்த்த அறை' என்று இருந்தது. போனால் சுவரைப் பார்த்த அறை. ஹோட்டலில் கேட்டதற்கு 'எங்களுக்கு வந்த பதிவு இதுதான்' என்றார்கள். நிறுவனம் இப்போது போனையே எடுப்பதில்லை.
- மதுரை வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஹோட்டல் சொன்னது உண்மையானால் தவறு நடந்தது சென்னையில். உங்களிடம் நதி அறை என்று விற்றுவிட்டு, அங்கே மலிவான அறையைப் பதிவு செய்திருக்கிறார்கள். பயணத்திட்டம், பணம் கட்டிய ரசீது, ஹோட்டலின் பதிவுச் சீட்டு, ஜன்னலின் புகைப்படம் நான்கையும் ஒன்றாக வையுங்கள். இரண்டு வகை அறைக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஹோட்டலிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதற்கு அதுதான் அடிப்படை.

அப்புறம் நிறுவனத்துக்கு 15 நாள் கெடு கொடுத்து எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

அடுத்தமுறை இப்படி நேர்ந்தால் அறைக்குள் பெட்டியைப் பிரிக்காமல் உடனே வரவேற்புக்குப் போங்கள். அறை காலியாக இருந்தால் அங்கேயே மாற்றிக் கொடுப்பதும் உண்டு.

கேள்வி: வெளிநாட்டு ஹோட்டலில் கார்டில் பணம் கட்டும்போது 'ரூபாயா, யூரோவா' என்று கேட்கிறார்கள். எது நல்லது?
- கோவை வாசகர்

பதில்: யூரோ. யோசிக்கவே வேண்டாம்.

நான் இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஹோட்டலைக் காலி செய்யும் நேரம், வாசலில் டாக்ஸி. வரவேற்பில் இருந்தவர் நீட்டிய சிறு மெஷினில் மேலே ரூபாய்த் தொகை, கீழே யூரோத் தொகை. நம் ரூபாயைப் பார்த்த நிம்மதியில் மேலே உள்ள பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டேன். ஊருக்கு வந்து கணக்குப் பார்த்தால், அவர்கள் போட்ட மாற்று விகிதத்தில் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போயிருந்தது. யூரோவில் கட்டினால் நம் வங்கி பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும். இது முன்கூட்டியே தெரிந்த கணக்கு. ரூபாயில் கட்டினால் விகிதம் மெஷின்காரர் கையில். போதாக்குறைக்கு, ரூபாயில் கட்டியதற்கும் தனிக் கட்டணம் பிடிக்கும் வங்கிகள் இங்கே உண்டு. கேட்காமலே ரூபாயில் போட்டுவிட்டால் கையெழுத்திடாமல் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். புதிய கார்டுகளில் அது மூடியேதான் வரும். அறை எடுக்கும்போது முன்பணமாக ஒரு தொகையை ஹோட்டல் 'பிளாக்' செய்யும். அதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சேமிப்புப் பணமே அத்தனை நாளும் முடங்கிக் கிடக்கும். காலி செய்தபின்னும் அது விடுபடச் சில நாள் ஆகலாம். விடுபட்டது கணக்கில் தெரியும்வரை ஹோட்டல் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.