விண்டோஸ் அப்டேட் வந்தாலே வைஃபையோ சவுண்டோ போய்விடுகிறது. அப்டேட்டை மொத்தமாக நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். ஆனால் வந்த அன்றைக்கே போடவும் வேண்டாம்.

வீட்டுக் கணினிக்கு வருகிற அப்டேட் எல்லாம் ஒரே வகை இல்லை. மாதாமாதம் வருகிற பாதுகாப்பு அப்டேட் ஒன்று. வருடத்துக்கு ஒரு தடவை வருகிற பெரிய வெர்ஷன் மாற்றம் இன்னொன்று. இவற்றோடு சேர்ந்து சத்தமில்லாமல் உள்ளே வருகிற டிரைவர், அதாவது வைஃபை, சவுண்ட் போன்ற ஒவ்வொரு சாதனத்தையும் விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள், மூன்றாவது. நீங்கள் சொல்கிற வைஃபை, சவுண்ட் தொல்லை பெரும்பாலும் இந்த மூன்றாவது ஆளின் வேலை. அதற்காக முதலாவதையும் சேர்த்து நிறுத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான். நான் பாதுகாப்பு அப்டேட்டை ஒரு வாரம் விட்டுப் போடுவேன், பெரிய வெர்ஷனைச் சில மாதம் கழித்துப் போடுவேன், ஒழுங்காக ஓடுகிற டிரைவரைத் தொடவே மாட்டேன்.

முதலில் மாதாந்திர அப்டேட். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் வழக்கம் இது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு வெளியிடுவார்கள். நமக்கு அது அன்று இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. அதனால்தான் புதன்கிழமை காலை மீட்டிங்குக்கு லேப்டாப்பைத் திறந்தால் சதவீதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு முந்தின நாளே செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய் ஒரு வாரத்துக்கு 'பாஸ்' (Pause, தற்காலிக நிறுத்தம்) கொடுத்துவிடுங்கள். ஹோம் எடிஷனிலேயே ஐந்து வாரம் வரை நீட்டிக்கலாம். அந்த ஒரு வாரத்தில் உலகத்தில் எங்காவது பெரிய சிக்கல் கிளம்பியிருந்தால் செய்தி வந்துவிடும். 2021 மார்ச் அப்டேட்டைப் போட்டவர்களில் பலருக்கு, பிரிண்ட் கொடுத்ததும் கணினி நீலத் திரையில் விழுந்தது. ஒரு வாரத்துக்குள் திருத்தம் வெளியானது. ஒரு வாரம் பொறுத்தவர்களுக்கு அந்த நீலத் திரையைப் பார்க்கிற வேலையே இல்லை.

மாதக் கடைசியில் 'பிரிவியூ' என்று ஒன்று எட்டிப் பார்க்கும். அது விருப்பம் இருந்தால் மட்டும் போடுவது. விட்டுவிடுங்கள். அதே பக்கத்தில் 'புதியவை கிடைத்த உடனே கொடு' என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் அணைத்து வையுங்கள்.

சரி, பாதுகாப்பு அப்டேட்டே வேண்டாம் என்றால் என்ன ஆகும்? 2017 மே 12 அன்று வான்னாக்ரை பரவி, உலகம் முழுக்கக் கணினிகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. சிக்கியவை பெரும்பாலும் விண்டோஸ் 7 கணினிகள், இரண்டு மாதமாக அந்த அப்டேட் போடாதவை. ஒரு வாரம் தள்ளுவதற்கும் இரண்டு மாதம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு.

பெரிய வெர்ஷன் விஷயத்தில் எனக்கு அவசரமே கிடையாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 வெர்ஷன், சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த கோப்புகளையே அழித்தது. சில நாட்களில் நிறுத்திவைத்து, நவம்பர் 13-இல்தான் திரும்பவும் வெளியிட்டார்கள். பெரிய வெர்ஷன் போட்டுப் பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பப் பத்து நாள் அவகாசம் உண்டு. அந்தப் பத்து நாளுக்குள் 'டிஸ்க் கிளீனப்' ஓட்டி 'விண்டோஸ் டாட் ஓல்ட்' ஃபோல்டரை அழித்துவிட்டால் திரும்பும் வழியும் போய்விடும்.

இனி டிரைவர். 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற இடத்தைத் திறந்தால் டிரைவர் என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கும். டிக் செய்யச் சொல்லிக் கை துறுதுறுக்கும். ஏதாவது ஒரு சாதனம் உண்மையிலேயே வேலை செய்யாமல் இருந்தால் ஒழிய டிக் வேண்டாம். பட்டியலில் சிலவற்றுக்கு 1968 என்று தேதி இருப்பதைப் பார்த்து, கணினியில் வைரஸ் வந்துவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. 1968 ஜூலை 18 இன்டெல் நிறுவனம் தொடங்கிய நாள். இன்டெல்லின் சிப்செட் கோப்புகளுக்கு வேண்டுமென்றே அந்தத் தேதியைப் போட்டிருக்கிறார்கள். விண்டோஸ் டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது தேதியையும் பார்க்கும்; பழைய தேதி இருந்தால், லேப்டாப் கம்பெனி தனியாகக் கொடுத்த டிரைவரை இது தள்ளிவிட்டு உட்காராது. விண்டோஸோடு கூடவே வருகிற மைக்ரோசாஃப்ட் டிரைவர்களுக்கு 2006 ஜூன் 21 என்று இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். எனவே தேதி பழையது என்பதற்காக டிரைவரை மாற்றக் கிளம்பாதீர்கள்.

சத்தமில்லாமல் வரும் டிரைவர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2014 அக்டோபரில் ஒரு கூத்து நடந்தது. எஃப்டிடிஐ என்ற கம்பெனி யுஎஸ்பி-சீரியல் சிப் செய்கிறது, சின்னச் சின்ன மின்னணு போர்டுகளை யுஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசவைப்பது அது. அதற்குப் போலிகள் ஏராளம். விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த புது டிரைவர், போலி சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. போலி என்றே தெரியாமல் மலிவு விலை ஆர்டுயினோ போர்டு (மின்னணுப் பொழுதுபோக்குக்காரர்கள் பயன்படுத்துவது) வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் போர்டு ஒரேயடியாகச் செத்த மாதிரி ஆனது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பழி முழுக்க 'விண்டோஸ் அப்டேட்' தலையில் விழுந்தது.

இன்னொன்று. எல்லாப் பழியும் அப்டேட்டுக்குப் போகிறது, ஆனால் பாதி நேரம் குற்றவாளி வேறு. சித்தப்பா வீட்டு லேப்டாப்பில் காலையில் திறந்தால் வைஃபை சின்னமே இருக்காது. "கடையில ஃபார்மட் பண்ணணும்னு சொல்றாங்கப்பா, இல்லேன்னா வைஃபை கார்டு மாத்தணுமாம்" என்றார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைக் கிளிக் செய்து, கீழே 'அப் டைம்' என்ற இடத்தைக் காட்டினேன். மூன்று வாரத்துக்கு மேல் ஓடிக்கொண்டே இருப்பதாகச் சொன்னது. "நான் தினமும் ராத்திரி ஷட்டவுன் பண்றேனே!" என்று அவருக்குக் கோபம். அவர் சொன்னதும் உண்மை, அது காட்டியதும் உண்மை. விண்டோஸ் 8-இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துக்கொள்ளும். கடையை மூடாமல் ஷட்டரை மட்டும் இறக்கிவிட்டுப் போவது மாதிரி. மறுநாள் அதே நிலையிலிருந்து எழும். குழம்பிப்போன டிரைவரும் அதே குழப்பத்தோடு எழும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கொடுத்தோம், வைஃபை வந்தது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்ற பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிட்டேன். எஸ்எஸ்டி உள்ள கணினியில் இதனால் கூடுகிற நேரம் கண்ணுக்கே தெரியாது.

எனவே எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து ஆன் செய்வது கணக்கில் வராது.

அதற்கும் சரியாகவில்லை என்றால், என்ன மாறியது என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது, யாரும் சீண்டுவதில்லை. நாள்வாரியாக ஒரு கட்டம் இருக்கும். எது நின்றுபோனதோ அந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி, எது புதிதாக ஏறியதோ அது நீலத்தில். சவுண்ட் போன நாளில் ஆடியோ டிரைவர் ஒன்று ஏறியிருந்தால் ஆள் பிடிபட்டான். அன்று ஒன்றுமே ஏறவில்லை என்றால் ஸ்பீக்கர் வயரைப் பாருங்கள், கிண்டலுக்குச் சொல்லவில்லை.

ஆள் பிடிபட்ட பிறகு, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் போங்கள். அந்தச் சாதனத்தின் ப்ராப்பர்ட்டீஸில், டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும். அழுத்தினால் முந்தின டிரைவர் திரும்ப வரும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, கணினியிலேயே தேடச் சொல்லி, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் போங்கள். பழைய வெர்ஷன் அங்கே இருக்கலாம். சவுண்டுக்கு அந்தப் பட்டியலில் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்று மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான டிரைவர் ஒன்று இருக்கும். கம்பெனி டிரைவர் மக்கர் செய்யும்போது பல தடவை அது கைகொடுத்திருக்கிறது. திரை உறைந்துபோனால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி' (B) அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் வேலை போகாது.

மஞ்சள் முக்கோணத்தோடு 'அன்நோன் டிவைஸ்' என்று நின்றால், அதே ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பக்கத்தில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' பாருங்கள். 'வென்' (VEN) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் 8086 இருந்தால் இன்டெல், 10இசி (10EC) என்றால் ரியல்டெக், 14சி3 (14C3) என்றால் மீடியாடெக், 10டிஇ (10DE) என்றால் என்விடியா. யாருடைய சிப் என்று தெரிந்துவிட்டால் லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் தளத்தில் உங்கள் சீரியல் நம்பரைப் போட்டு அந்த டிரைவரை மட்டும் எடுக்கலாம். ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பிக்கிறேன் என்று வருகிற மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதையும் சேர்த்து மாற்றுவதுதான் அவை செய்கிற சேவை.

வைஃபையே இல்லாதபோது வைஃபை டிரைவரை எப்படி இறக்குவது? போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காமல் இணையம் வரும். விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போடும்போது இணையம் இல்லாமல் நகரமாட்டேன் என்று அது அடம் பிடிக்கிற இடத்திலும் இதே வித்தைதான். டேட்டா மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்பை 'மீட்டர்ட்' (அளவோடு செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று செட்டிங்ஸில் குறித்துவிட்டால் பெரிய அப்டேட்டுகள் உங்கள் அன்றாட ஒன்றரை ஜிபியை விழுங்காது.

கணினி உள்ளேயே போகவில்லை என்றாலும் ஃபார்மட் கடைசி வழிதான். விண்டோஸ் எழும்பும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்று போய்க் கடைசி அப்டேட்டை நீக்கலாம். டிரைவர்தான் காரணம் என்றால் அதே இடத்திலிருந்து ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாக, 4 அழுத்தி சேஃப் மோடில் நுழைந்து ரோல் பேக் செய்யலாம்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. பல புது லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது, உரிமையாளருக்குத் தெரியாமலே. 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள், அந்தப் பூட்டைப் போடும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரிகவரி திரையில் நின்றுகொண்டு 48 இலக்கச் சாவியைக் கேட்டன. பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழுந்து கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் போட்டாலும் அப்படிக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி சேமிக்கப்பட்டிருக்கும். எடுத்து ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கிற பீரோவில் வையுங்கள். அது இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் கோப்புகளை மீட்க முடியாது. பயாஸ் என்றதும் இன்னொரு விஷயம்: சாதாரண அப்டேட்டின் நடுவே கரண்ட் போனால் விண்டோஸ் பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளும், பயாஸ் அப்டேட்டின் நடுவே போனால் போர்டே போகலாம். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அதைத் தொடவேண்டாம்.

சில பிழைகளைக் கண்டுகொள்ளாமலும் விடலாம். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு அப்டேட், ரிகவரி பார்ட்டிஷனில் இடம் போதாமல் 80070643 என்ற எண்ணோடு திரும்பத் திரும்பத் தோற்றது. பார்ட்டிஷனைப் பெரிதாக்கச் சொன்னது மைக்ரோசாஃப்ட். பிட்லாக்கர் போடாத வீட்டுக் கணினியில் அதற்காகப் பார்ட்டிஷனை நோண்டுவதைவிட அந்தச் சிவப்பு எழுத்தைச் சகித்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து. அந்த அப்டேட் அடைத்ததே பிட்லாக்கர் சம்பந்தப்பட்ட ஓட்டையைத்தான்.

நீங்கள் எந்த விண்டோஸ் என்று கேள்வியில் சொல்லவில்லை. விண்டோஸ் 10 என்றால், 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான இலவச அப்டேட் முடிந்துவிட்டது. கணினி 11-ஐ ஏற்கவில்லை என்றால் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 'என்ரோல்' என்ற வழி வரும். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பேக்கப் செய்தால் காசு கேட்காது. அதற்குப் பிறகும் அந்தக் கணினியை ஓட்ட நினைத்தால் விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் மாதிரி ஏதாவது ஒன்றைப் பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே பூட் செய்து, வைஃபையும் சவுண்டும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.