ராஸ்பெரி பை 4 ஏன் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது?

லினக்ஸ் வகையான ராஸ்பெரி பை ஓஎஸ் போட்டு ஓட்டுகிற பை 4 என்ற சின்னக் கணினி அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, லினக்ஸில்தான் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சார்ஜரைப் பாருங்கள். இந்த போர்டுக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். போன் சார்ஜரில் 5 வோல்ட் என்று அச்சடித்திருந்தாலும், ஒல்லியான கேபிள் வழியாக வரும்போது, பிராசஸரின் நாலு கோரும் சேர்ந்து வேலை செய்கிற நொடியில் வோல்டேஜ் சரிந்துவிடும். சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையின் வலது மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி எட்டிப்பார்க்கும். அதைப் பார்த்தால் ஓஎஸ்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள், நல்ல அடாப்டர் வாங்குங்கள்.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஓஎஸ்ஸும் கோப்புகளும் இருக்கிற எஸ்டி கார்டும் கெட்டுப்போகலாம். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு, உண்டுதான், பாதியில் நின்ற வேலையை அது சரிசெய்துவிடும். ஆனால் எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று கார்டு தனக்குள் வைத்திருக்கும் கணக்கே குழம்பினால் ஜர்னலால் ஒன்றும் செய்ய முடியாது. என் கார்டு ஒன்று அப்படித்தான் போனது, ஒரு வருடம் சேர்த்த வெப்பநிலைப் பதிவுகளோடு.

அதனால் இரவும் பகலும் ஓட வேண்டிய வேலை என்றால், நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் ஒரு எஸ்எஸ்டியைச் செருகி அதிலிருந்தே பூட் செய்யுங்கள், பை 4 அதற்கு இடம் தருகிறது. கார்டையே நம்பித்தான் ஆக வேண்டும் என்றால், ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே கோப்பு முறையை இயக்குங்கள்: எழுதுவதெல்லாம் ரேமில் போகும், கார்டைத் தொடாது. அப்புறம் ரீஸ்டார்ட் ஆனால் அந்தப் பதிவுகள் இருக்காது, சேமிக்க வேண்டியதை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.