ரிசப்ஷனில் இருந்தவளிடம் கேளுங்கள்

நியூசிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பாலியல் தொழில் குற்றமில்லை. ஆக்லாந்தில் சட்டப்படி நடந்த பாலியல் தொழில் விடுதி ஒன்றின் ரிசப்ஷனில் 9 வருஷம் இருந்தேன். வாடிக்கையாளர்கள் எழுதும் ரிவ்யூ பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

கேள்வி: அக்கா, எல்லாரும் புகழ்ந்த பெண், என்னிடம் மட்டும் முகம் கொடுத்தே பேசவில்லை. அப்படியே எழுதலாமா?

எழுதுங்கள், ‘என்னிடம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஒரே பெண்ணைப் பற்றி இரண்டு ரிவ்யூ வந்தது. ஒருவருக்கு அவள் ‘வாயே திறக்கவில்லை’. இன்னொருவருக்கு ‘பேச்சை நிறுத்தவே இல்லை’. முதலாமவர் 20 நிமிஷம் தாமதமாக, குடித்த வாடையோடு வந்தவர். கதவைத் திறந்துவிட்டது நான்தானே. இரண்டாமவர் அவள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்து யாருக்கு என்று கேட்டிருக்கிறார். (அவளுடைய அக்கா மகனுக்கு.) சொன்ன நேரம், அறையின் சுத்தம், பேசிய தொகை இவற்றை அடித்துச் சொல்லுங்கள், அடுத்து வருபவருக்கு உதவும். மற்றதெல்லாம் அன்றைக்கு உங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதா என்கிற கதை.

கேள்வி: கையில் இருக்கும் டாட்டூவைக் குறிப்பிடலாமா? ஆள் மாறிவிடக் கூடாதே.

வேண்டாம். மச்சம், காலேஜ், சொந்த ஊர், எதுவுமே வேண்டாம். தற்காலிக விசாவில் இருப்பவர் இந்தத் தொழில் செய்ய அதே சட்டம் தடை போடுகிறது. நீங்கள் பாராட்டி எழுதிய ஒரு வரியே அவளை விமானம் ஏற்றிவிடலாம்.

கேள்வி: ஆணுறை இல்லாமல் சம்மதித்தாள் என்று எழுதினால்?

உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்வீர்கள். ஆணுறை இல்லாவிட்டால் அதே சட்டப்படி வாடிக்கையாளருக்கும் 2,000 டாலர் வரை அபராதம் உண்டு. ஒரு பாலியல் தொழிலாளிக்குத் தெரியாமல் ஆணுறையைக் கழற்றிய ஒருவனுக்கு 2021இல் 3 வருஷம் 9 மாதம் சிறை கிடைத்தது.

கேள்வி: பாதியில் நிறுத்திவிட்டாள். ஓட்டலில் தோசை கருகினால் திட்டி எழுதுகிறோமே?

தோசைக்கு அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கிடையாது, தம்பி. ஒப்புக்கொண்ட பிறகும் எந்த நிமிஷமும் அவள் மறுக்கலாம்.

கேள்வி (அதே தம்பி): காசு வாங்கியபின் என்ன மறுப்பு?

காசு ஒரு கணக்கு, சம்மதம் வேறு கணக்கு. நடக்காத வேலைக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்பதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை. கவுண்டரில் நானே எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி (மறுபடியும் அவரே): அப்போ ஒரு ஸ்டார் போடக் கூடாதா?

தாராளமாகப் போடுங்கள். ‘பாதியில் நிறுத்தினார், மீதிப் பணம் வந்தது’ என்று எழுதுங்கள். ‘திமிர் பிடித்தவள்’ என்பது ரிவ்யூ இல்லை. தோசைக் கதை இத்தோடு போதும்.

கேள்வி: காதோரம் உள்ள மச்சம் மட்டும்...

மேலே டாட்டூவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அவர்கள் எங்களைப் பற்றி எழுதுவார்களா?

ரிசப்ஷன் மேஜை டிராயரில் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. குளிக்காமல் வந்தவர், ஒரு ஸ்டாரைக் காட்டித் தள்ளுபடி கேட்டவர், எல்லாருடைய போன் நம்பரும் அதில் உண்டு. அவர்கள் அழைத்தால் அன்றைக்கு அறை காலியில்லை என்று சொல்லிவிடுவேன்.