ஏசிஎல் அறுந்தால் பத்து நாளுக்குள் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. வியாசர்பாடியில் சின்ன வயதிலிருந்தே ஃபுட்பால் ஆடுகிறான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவன்ஸ் டோர்னமென்ட்டில் ஓடி வந்து சட்டென்று திரும்பியபோது இடது முழங்காலில் 'டொக்'கென்று சத்தம் கேட்டதாம். ராத்திரிக்குள் வீங்கிவிட்டது. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'ஏசிஎல் கம்ப்ளீட் டேர், மீடியல் மெனிஸ்கஸ் கிரேடு 2' என்று இருக்கிறது. ஸ்கேன் சென்டரில் அறிமுகமான ஒருவர், 'ரெண்டு ஜவ்வும் போச்சு, பத்து நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணலேன்னா கால் அப்படியே மடங்கிடும். ஒண்ணே முக்கால் லட்சம் பேக்கேஜ், நானே பேசி முடிச்சுத் தரேன்' என்கிறார். நகையை அடகு வைக்கலாமென்று அம்மா சொல்கிறார். நாலு மாதத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷன் வேறு இருக்கிறது. என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும். பத்து நாள் கெடு என்று ஏசிஎல்லுக்கு எதுவும் கிடையாது. அது அந்த ஆள் வைத்த கெடு. நீங்கள் இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்பதற்குள் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

முதலில் ரிப்போர்ட்டைப் பார்ப்போம். முழங்காலில் நாம் ஜவ்வு என்று சொல்வது இரண்டு வேறு பொருட்களை. ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் இழுத்துக் கட்டும் நார். மெனிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புக்கும் நடுவில் வாஷர் மாதிரி உட்கார்ந்திருக்கும் மெத்தை. உங்கள் தம்பிக்கு ஏசிஎல் அறுந்திருக்கிறது. ஆனால் மெனிஸ்கஸில் 'கிரேடு 2' என்றால் கிழிசல் இல்லை. மெத்தையின் உள்ளுக்குள் நிறம் மாறித் தெரிகிறது, மேற்பரப்பு வரை வரவில்லை என்று அர்த்தம். மேற்பரப்பைத் தொட்டால்தான் கிரேடு 3, அதுதான் கிழிசல். 'ரெண்டும் போச்சு' என்று சொன்னவர் அந்த வரியைப் படிக்கவே இல்லை, அல்லது படித்தும் மறைத்துவிட்டார்.

ஸ்கேனை மட்டும் வைத்து ஆபரேஷன் முடிவு செய்யவும் கூடாது. டாக்டர் கையால் பார்க்க வேண்டும். படுக்க வைத்து, முழங்காலை 20 முதல் 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். நல்ல காலோடு ஒப்பிட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். இரண்டு நிமிட வேலை. காலைத் தொடாமல், ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அட்மிஷன் எழுதுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஏன் அவசரம் வேண்டாம் என்கிறேன்? வீங்கி, சூடாக இருக்கிற மூட்டில் ஆபரேஷன் செய்தால் உள்ளே தழும்பு கட்டி மூட்டு இறுகிவிடும், பிறகு கால் முழுதாக நீளாது. 1991-லேயே அமெரிக்காவில் ஷெல்போர்ன் குழுவினர் இதை எழுதிவிட்டார்கள்: அடிபட்ட முதல் வாரத்தில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு, மூன்று வாரம் தாண்டிச் செய்தவர்களைவிட இந்த இறுக்கம் அதிகம். இன்று நாங்கள் தேதியைவிட மூட்டின் நிலையைத்தான் பார்க்கிறோம். வீக்கம் வற்றியதா, கால் முழுதாக நீள்கிறதா, 120 டிகிரியாவது மடங்குகிறதா, நொண்டாமல் நடக்கிறானா? இந்த நான்கும் வந்த பிறகுதான் கத்தி.

அதோடு, எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படுவதும் இல்லை. சுவீடனில் 121 பேரை இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது, 2010-ல் வெளியானது. ஒரு பாதிக்குப் பயிற்சியோடு சீக்கிரமே ஆபரேஷன். மறுபாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன். இரண்டாவது கூட்டத்தில் 59 பேர். இரண்டு வருடத்தில் அவர்களில் 23 பேர் ஆபரேஷனுக்கு வந்தார்கள், ஐந்து வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேர். மீதிப் பேர் ஆபரேஷன் இல்லாமலே இருந்தார்கள். முழங்காலின் நிலையைக் கேட்டு மதிப்பெண் போட்டதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பிரிட்டனில் 316 பேரை வைத்து நடந்த ஆய்வு 2022-ல் வந்தது. அடிபட்டு நாளாகியும் கால் 'நழுவுது' என்று சொன்னவர்களுக்குப் பயிற்சியைவிட ஆபரேஷனே நல்ல பலன் தந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெளிவு: முதலில் ஒழுங்கான பயிற்சி, அதன் பிறகும் கால் நழுவினால் ஆபரேஷன்.

உங்கள் தம்பி விஷயத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுவீடன் ஆய்வில் தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சேர்க்கவில்லை. 20 வயதில், ஓடி, வெட்டி, திரும்பி ஆடுகிற ஃபுட்பாலுக்கே திரும்ப வேண்டும் என்றால் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டியிருக்கும். அது இந்த வாரம் இல்லை. அடுத்த ஆறு வாரம் கால் தயாராகட்டும். அந்த ஆறு வாரமும் வீணில்லை, ஆபரேஷனுக்குப் பிறகான குணத்தில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது.

நாலு மாதத்தில் செலக்‌ஷன்? நடக்காது. ஆபரேஷன் செய்தாலும் நடக்காது, செய்யாவிட்டாலும் கூடாது. நழுவுகிற காலோடு மைதானத்தில் இறங்கினால், இன்று நன்றாக இருக்கிற மெனிஸ்கஸ் அன்று கிழியும்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம். காலை நீட்டி, குதிகாலுக்கு அடியில் டவலைச் சுருட்டி வைத்து, முழங்காலின் பின்பக்கம் கட்டிலை அழுத்துவதுபோல் முன்தொடையை இறுக்க வேண்டும். ஐந்து விநாடி பிடித்து விட்டால் ஒன்று. பத்து செய்தால் ஒரு சுற்று. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சுற்று. அடுத்தது, முழங்கால் வளையாமல் காலை நேராகத் தூக்குவது. தூக்கும்போது முழங்கால் கொஞ்சம் தொய்ந்தாலும் முன்தொடை இன்னும் வேலை செய்யவில்லை என்று பொருள். பிறகு குதிகாலைக் கட்டிலிலேயே இழுத்து இழுத்து மடக்குவது. கால் முழுதாக நீள்கிறதா என்பதை வீட்டிலேயே அளக்கலாம். தம்பியைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி விடுங்கள். பின்னால் நின்று இரண்டு குதிகாலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா பாருங்கள். அடிபட்ட காலின் குதிகால் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நின்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி பாக்கி. வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கேலால் அளந்து எழுதி வையுங்கள். ஹவுசிங் போர்டில் லிஃப்ட் இல்லாத மாடி வீடென்றால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். புத்தூர் கட்டும் வேண்டாம். மூட்டுக்குள் அறுந்த நாரை வெளியே போடும் கட்டு ஒன்றும் செய்யாது. மூன்று நான்கு வாரம் இறுக்கிக் கட்டி வைத்தால் முன்தொடை சூம்பி, மூட்டு இறுகி, பிறகு எந்த டாக்டரிடம் வந்தாலும் அதைத் தளர்த்தவே இரண்டு மாதம் போய்விடும். கட்டி முடித்த பிறகு எங்களிடம் வருகிற பையன்களுக்கு ஏசிஎல்லைவிட அந்தக் கட்டுதான் பெரிய தொல்லை.

காத்திருக்கக்கூடாத ஒரு நிலை இருக்கிறது. இதை மட்டும் கவனமாகப் படியுங்கள், வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். மெனிஸ்கஸ் நீளவாக்கில் பெரிதாகக் கிழிந்து, கிழிந்த பட்டை புரண்டு மூட்டின் நடுவில் மாட்டிக்கொள்ளும். ரிப்போர்ட்டில் 'பக்கெட் ஹேண்டில்' என்று எழுதியிருப்பார்கள், சில சமயம் 'டபுள் பிசிஎல் சைன்' என்றும் இருக்கும். அப்போது கால் பூட்டிக்கொள்ளும். ஆனால் அடிபட்ட புதிதில் வலியாலும் வீக்கத்தாலும் பின்தொடை இறுகியும் கால் நீளாமல் இருக்கலாம், அது பூட்டு இல்லை. பிரித்தறிவது இப்படி: ஐஸ் வைத்து, குப்புறப் படுக்க வைத்துப் பத்து நிமிடம் விட்டால் கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறதா? நேற்றைவிட இன்று பரவாயில்லையா? அப்படியானால் இறுக்கம்தான். ஒவ்வொரு தடவையும் அதே கோணத்தில், ஸ்பிரிங் வைத்துத் தடுப்பதுபோல் நிற்கிறதா? அது பூட்டு. பலவந்தமாக நீட்டக்கூடாது, அந்தக் காலை ஊன்றி நடக்க விடவும் கூடாது, கக்கத்தில் ஊன்றும் கட்டை வைத்துக்கொண்டு அந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டும். நாளானால் மாட்டிய பட்டை நசுங்கி, தைக்க முடியாமல் வெட்டி எடுக்க வேண்டியதாகிவிடும். 20 வயதில் மெனிஸ்கஸை வெட்டி எடுப்பது 40 வயதில் மூட்டுத் தேய்மானத்துக்கு விதை போடுவது. அதனால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: தைப்பீர்களா, வெட்டுவீர்களா? தைக்கிற கருவி தயாராக இருக்குமா? உங்கள் தம்பி ரிப்போர்ட்டில் அப்படி ஒன்றும் இல்லை, இருந்தாலும் கால் பூட்டினால் ரிப்போர்ட்டை நம்பி உட்காராதீர்கள்.

இனி அந்த நடுவாள். ஃபிலிமையும் சிடியையும் அவரிடம் கொடுத்திருந்தால் இன்றே வாங்கிவிடுங்கள். அது உங்கள் சொத்து. ஃபிலிமைக் கையில் வைத்துக்கொண்டு உங்களை வேறெங்கும் போகவிடாமல் செய்வது பழைய வித்தை. 'பேக்கேஜ்' என்றால் அதில் என்ன அடக்கம் என்று எழுதிக் கேளுங்கள். புதிதாக வைக்கும் நாரை எலும்பில் பிடித்து வைக்கத் தொடைப் பக்கம் பொருத்தும் பட்டன், கீழ்ப்பக்கம் போடும் ஸ்க்ரூ, மூட்டுக்குள் சுத்தம் செய்யும் ஷேவர் பிளேடு, ஆர்எஃப் வாண்ட் எல்லாம் உள்ளேயா வெளியேயா? 'இம்ப்ளான்ட் தனி' என்று ஆபரேஷன் அன்று காலையில் சொல்வதுதான் வழக்கமான கண்ணி. 2017-ல் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது முழங்கால் மூட்டு மாற்று உபகரணங்களுக்கு. ஏசிஎல் ஸ்க்ரூவும் பட்டனும் அதில் வராது, அங்கேதான் விளையாடுகிறார்கள். டைட்டானியமா, கரையும் ஸ்க்ரூவா என்று கேட்டு மயக்குவார்கள். முழங்கால் எப்படி ஆடப் போகிறது என்பதில் அது பெரிய வித்தியாசம் செய்யாது. ஒவ்வொரு உபகரணத்தின் பெட்டி ஸ்டிக்கரும் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்க வேண்டும், பில்லில் இருப்பதும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். ஸ்டெம் செல் ஊசி, பிஆர்பி ஊசி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடுவது) போட்டால் அறுந்த ஏசிஎல் ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

மெடிக்ளெய்ம் இருந்தால் 'ஃபுட்பால்னு சொல்லாதீங்க, பைக்ல விழுந்ததா எழுதிக்கலாம்' என்பார்கள். செய்யாதீர்கள். விபத்து என்று எழுதினால் அது போலீஸ் வரை போகிற கேஸ் ஆகும், பொய் தெரிந்தால் க்ளெய்மே போகும்.

ஆபரேஷன் என்று முடிவானால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை மூன்று. அறுந்த ஏசிஎல்லுக்குப் பதில் எந்த நாரை எடுத்து வைப்பீர்கள்? தன் உடம்பிலிருந்தே எடுக்க வேண்டும். இறந்தவர் உடலிலிருந்து எடுத்த நார் இளம் ஆட்டக்காரர்களுக்குச் சீக்கிரம் அறுகிறது என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. தடிமன் எவ்வளவு வரும்? 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மறுபடி அறுகிற வாய்ப்பு கூடும், ஒல்லியான பையன்களுக்கு இதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். மூன்றாவது, முழங்காலின் வெளிப்பக்கம் கூடுதலாக ஒரு தையல் பட்டை தேவையா? 25 வயதுக்கு உட்பட்ட 618 பேரை வைத்து 2020-ல் வந்த ஆய்வில், இதைச் சேர்த்தவர்களுக்கு வைத்த நார் மறுபடி அறுவது 11 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. எல்லோருக்கும் வேண்டாம், ஆனால் உங்கள் தம்பி மாதிரி ஆளுக்குக் கேட்க வேண்டிய கேள்வி.

பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஸ்டான்லி உங்களுக்குப் பக்கம், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனை இருக்கிறது. எலும்பு மூட்டு ஓபி-க்குப் போய்க் காட்டுங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி உண்டு, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு இன்றே எழுதிப் போடுங்கள். ரேஷன் கார்டு, ஆதாரோடு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் பதிவு செய்யலாம். அட்டை வாங்கித் தர ஆயிரம், ரெண்டாயிரம் கேட்பவர்களும் அங்கேயே திரிவார்கள், கொடுக்க வேண்டாம்.

இங்கே எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று உண்டு. காப்பீடு, அரசுடையதோ தனியாருடையதோ, ஆபரேஷனுக்குப் பணம் தரும். அதற்குப் பின்னான ஒன்பது மாதப் பயிற்சிக்கு அநேகமாக ஒன்றும் இல்லை. அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி இலவசம்தான், ஆனால் அது காலை ஓபி நேரத்தில். வேலைக்குப் போகிற பையன் வாரம் மூன்று நாள் எப்படி வருவான்? கத்திக்கு லட்சம் தருகிற அமைப்பு பயிற்சிக்குச் சில ஆயிரம் தரத் தயங்குவதால்தான் நன்றாகச் செய்த ஆபரேஷன்கூட மைதானத்தில் தோற்கிறது. தம்பி ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன், மாலை நேர பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பேசி வையுங்கள். வாரம் ஒரு நாள் அவரிடம், மீதி நாள் வீட்டில் என்றாலும் போதும்.

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாவது மாதம்தான் ஆபத்து. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, நண்பர்கள் கூப்பிடுவார்கள். ஆனால் வைத்த நார் உடம்போடு சேரும் முன் ஒரு கட்டத்தில் மிகவும் பலவீனமாகும், அது ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வாக்கில். ஓட்டமே மூன்று, நான்கு மாதம் கழித்துத்தான். ஆட்டம் ஒன்பது மாதத்துக்கு முன் கிடையாது. நார்வே, அமெரிக்க ஆட்டக்காரர்கள் 106 பேரைத் தொடர்ந்து 2016-ல் எழுதிய ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மாதக்கணக்கு மட்டும் போதாது. முன்தொடை பலமும், ஒற்றைக்காலில் தாவும் தூரமும் நல்ல காலின் 90 சதவீதத்தைத் தொட வேண்டும். தாவலை வீட்டு வாசலில் சாக்பீஸ் கோடு போட்டு டேப்பால் அளக்கலாம்.

செலக்‌ஷன் பற்றிக் கோச்சிடம் இப்போதே பேசுங்கள். அடிபட்ட தேதி, எம்ஆர்ஐ நகல், டாக்டர் சீட்டு மூன்றையும் கொடுத்து, அடுத்த வருடத் தேர்வுக்கு வயது வரம்பு இடம் கொடுக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.