முதல்ல ஈபி அட்டையை எடுங்க: வாசகர் கேள்வி-பதில்

இந்த தடவை வந்ததுல முக்கால்வாசி கரண்டு, பெட்ரோல், அப்புறம் அதுல மிச்சம் பிடிக்கறேன்னு விக்கிற சாமான் பத்தி தான். நீளமா எழுதினவங்க கோச்சுக்காதீங்க, கேள்வியை மட்டும் வச்சுட்டு மீதியை வெட்டிட்டேன்.

கேள்வி: 3 கிலோவாட் சோலார் போட்டா பில்லே வராதுன்னு வீடு தேடி வந்து சொல்றாங்க. கொட்டேஷன் 2 லட்சம், மானியம் 78,000 போக மீதிக்கு லோனும் அவங்களே ஏற்பாடு பண்றாங்களாம். எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 190 யூனிட் ஓடும். போடலாமா? (கரூர்)

பதில்: 190 யூனிட்டா சார்? நூறு யூனிட் ஃப்ரீ, மீதி 90 யூனிட்டுக்கு 2.35 வீதம் 211 ரூபா 50 காசு, அதுவும் ரெண்டு மாசத்துக்கு. இந்த 211 ரூபாயை ஒழிச்சுக்கட்ட ஒண்ணேகால் லட்சம் கடன் வாங்கப் போறீங்க. வருஷத்துக்கு மிச்சமாகறது 1,269 ரூபா, போடற காசு 1,22,000, வகுத்துப் பாருங்க 96 வருஷம் வருது, இதுல லோன் வட்டியை நான் சேர்க்கவே இல்ல. பேனலுக்கே 25 வருஷம் தான் வாரண்டி.

3 கிலோவாட் நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு சுமாரா 12 யூனிட் தரும், ரெண்டு மாசத்துக்கு 720. உங்களுக்குத் தேவை 190. மீதி கரண்டு லைனுக்குப் போய் உங்க கணக்குல வரவாகும், ஆனா அதை வச்சுக் கழிக்க உங்ககிட்ட பில்லு வேணுமே. இதே திட்டம் ரெண்டு ஏசி ஓடற, 800 யூனிட் ஆகற வீட்டுக்கு நாலஞ்சு வருஷத்துல போட்ட காசை எடுத்துக் குடுத்துடும், அவங்க தாராளமா போடட்டும். 2024-ல சூர்யா கர் திட்டம் (மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம்) வந்ததுல இருந்து மானியம் நேரா நம்ம பேங்க் கணக்குக்கு தான் வருது, அந்த திட்டத்தோட போர்ட்டல்ல பதிவான ஆளு தான் மாட்டணும், "மானியத்தை நாங்களே கழிச்சுக்கறோம், அட்வான்ஸ் குடுங்க"ன்னு யாராவது சொன்னா வாசலை காட்டுங்க. இன்னொண்ணு, பேட்டரி இல்லாத சாதா சோலார் கரண்டு கட் ஆனா அதுவும் நின்னுடும். போஸ்ட்ல ஏறி வேலை செய்யற லைன்மேனுக்கு உங்க மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாதுன்னு தான் அப்படி வச்சிருக்கு. இதை எந்த சேல்ஸ்மேனும் தானா சொல்ல மாட்டான்.

கேள்வி: பிஎல்டிசி ஃபேன் (கரண்டு கம்மியா இழுக்கற புது ரகம்) நிஜமாவே லாபமா? (தஞ்சாவூர்)

பதில்: லாபம் தான், பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 தான். பழைய ரெகுலேட்டரை கழட்டிட்டு மாட்டுங்க, ரிமோட்டை குழந்தை கையில குடுக்காதீங்க.

கேள்வி: எங்க அப்பா வீட்டுக்கு வந்த பையன்கிட்ட 2,500 ரூபா குடுத்து பிளக்ல சொருகற பவர் சேவர் டப்பா ஒண்ணு வாங்கிட்டார். 40 சதவீதம் பில் குறையுமாம். ரெண்டு பில் வந்துடுச்சு, ஒரு ரூபா குறையல. அப்பா அதைப் பத்தி பேசினாலே எந்திரிச்சுப் போயிடறார். (நாகப்பட்டினம்)

பதில்: அப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. நானும் வாங்கியிருக்கேன். பொருட்காட்சியில ஒரு ஸ்டால், அங்க ஒரு மோட்டாரை ஓட விட்டு மீட்டர்ல ஆம்பியர் காட்டறான், டப்பாவை சொருகினதும் ஆம்பியர் சரசரன்னு இறங்குது, கூட்டம் மொத்தமும் "ஆ"ன்னு பாக்குது, நான் 999 ரூபாயை எடுத்து நீட்டிட்டேன். அப்புறம் தான் புரிஞ்சது. அவன் காட்டினது ஆம்பியர், வீட்டு மீட்டர் கணக்கு பண்றது யூனிட். மோட்டார் சும்மா இழுத்துட்டு திருப்பி விடற கரண்டு ஒண்ணு இருக்கு, டப்பாக்குள்ள இருக்கற கெப்பாசிட்டர் அதை சரி பண்ணும், ஆம்பியர் குறையறது உண்மை தான். ஆனா அந்தக் கரண்டுக்கு வீட்டு இணைப்புல நம்மகிட்ட காசே வாங்கறதில்ல, வாங்காத காசுல எதை மிச்சம் பிடிக்கறது?

ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூ டிரைவர் எடுத்து திறந்தேன். தீப்பெட்டி சைஸ்ல கறுப்பு கெப்பாசிட்டர் ஒண்ணு, பச்சை லைட் எரிய ஒரு குட்டி போர்டு, அப்புறம் கையில வெயிட்டா இருக்கட்டும்னு பசை போட்டு ஒட்டின ஒரு இரும்புத் துண்டு. அந்த பச்சை லைட்டுக்கும் நான் தான் கரண்டு பில் கட்டிட்டு இருந்திருக்கேன். அப்பாகிட்ட இந்தக் கதையை சொல்லுங்க, கொஞ்சம் லேசாகும். பில்லும் ஊர் பேரும் இல்லாத பையன்னா அந்த 2,500 வர்றது கஷ்டம். டப்பா மேல கம்பெனி பேரு இருந்தா மட்டும் 1915-க்கு (நுகர்வோர் உதவி எண்) போன் பண்ணி புகார் பதிஞ்சு வைங்க.

கேள்வி: போன தடவை 498 யூனிட், 1,792 ரூபா. இந்த தடவை 512 யூனிட், 2,141 ரூபா. பதினாலு யூனிட்டுக்கு 349 ரூபாயா? மீட்டர் ரிப்பேரா? (மதுரை)

பதில்: மீட்டர் நல்லா இருக்கு. ரேட் அட்டவணை தான் அப்படி.

இதைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா வீட்ல எல்லாரும் அடுத்த ரூமுக்குப் போயிடுவாங்க, நீங்களா கேட்டதால சொல்றேன். 2024 ஜூலையில ஏறின ரேட்படி 500 யூனிட் வரைக்கும் ஓட்டினா 101-லிருந்து 200 வரை 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. சரியா? 501-வது யூனிட் ஓடின உடனே, அந்த ஒரு யூனிட்டுக்கு 8.40 போட்டு விட்டா பரவாயில்ல, திரும்பிப் போய் 101-லிருந்து 200 வரைக்கும் எப்பவோ ஓடி முடிஞ்ச நூறு யூனிட்டுக்கும் 2.35-ஐ அழிச்சுட்டு 4.70 எழுதறாங்க. 235 ரூபா அங்கயே போச்சு. பரமபதத்துல 500-வது கட்டத்துல பெரிய பாம்பை வச்ச மாதிரி. நிறைய எரிக்கிறவன் நிறைய கட்டட்டும்ங்கற கொள்கை எனக்கு ஒத்துக்குது, மாளிகைக்கு ஏன் மானியம்? ஆனா 512 யூனிட் எரிக்கிறவன் மாளிகைக்காரன் இல்ல சார், வயசான அம்மாவுக்காக மே மாசம் ராத்திரி மட்டும் ஒரு ஏசி போடறவன்.

இதுல ரீடிங் எடுக்கிறவர் அறுபதாம் நாள் வராம நாலு நாள் தள்ளி வந்தாரோ, உங்க 480 அவர் வர்றதுக்குள்ள 510 ஆயிடும். தப்பு யாரோடது, காசு யாரோடது? மாசாமாசம் கணக்கெடுப்போம்னு திமுக 2021 தேர்தல் அறிக்கையில சொன்னாங்க. அதுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வரணும்னு பதில் வருது. சரி வந்தாலும், நிறைய பேர் மாசத்துக்கு நூறு யூனிட் ஃப்ரீன்னு கனவுல இருக்காங்க, நூறை அம்பதாக்கி 500-ஐ 250 ஆக்கிட்டா என்ன மாறும்? பாம்பு அதே இடத்துல தான் இருக்கும், ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் கடிக்கிறது மாசாமாசம் கடிக்கும். நான் கேக்கறது, அந்த திரும்பிப் போய் அழிக்கிற வேலையை மட்டும் நிறுத்துங்கன்னு தான். உங்களுக்கு சொல்ல வேண்டியது ஒண்ணு: ரீடிங் எடுத்த தேதியை அட்டையில பாத்து (இப்ப நிறைய வீட்ல அட்டையில எழுதறதே இல்ல, மெசேஜ்ல பாருங்க) நாப்பத்தஞ்சாம் நாள் மீட்டரை ஒரு தடவை நீங்களே போய் பாருங்க. 400 தாண்டியிருந்தா மீதி பதினஞ்சு நாள் வாஷிங் மெஷின் ஹீட்டர், கீசர் எல்லாத்தையும் கொஞ்சம் அடக்குங்க.

கேள்வி: வாடகை வீடு. ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபா வாங்கறார். கேட்டா "ஈபி ரேட் அவ்ளோ தான், இஷ்டம் இருந்தா இருங்க"ங்கறார். கீழ அவர், மேல ரெண்டு போர்ஷன், மூணுக்கும் ஒரே மெயின் மீட்டர், எங்களுக்கு சப் மீட்டர். (வேளச்சேரி)

பதில்: ஆளுக்கு 300 யூனிட்னு வச்சுக்கலாம். மொத்தம் 900, ஒரே இணைப்புங்கறதால பில் 5,820 வரும். மேல ரெண்டு பேரும் ஆளுக்கு 3,000 குடுக்கறீங்க, 6,000. அதாவது ஓனர் வீட்டு ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் உங்க காசுல ஓடுது, மேல 180 ரூபா டீக்காசும் நிக்குது. தனித்தனி இணைப்பா இருந்திருந்தா 300 யூனிட்டுக்கு நீங்க கட்டறது 705 ரூபா. மனசு ஆறவே மாட்டேங்குது.

கரண்டை லாபம் வச்சு விக்க லைசன்ஸ் வேணும், ஓனர்கிட்ட அது கிடையாது, சட்டம் உங்க பக்கம் தான். ஆனா வீடு அவரோடது, வேளச்சேரியில வேற வீடு தேடற கஷ்டம் எனக்கும் தெரியும். அதனால சண்டைக்குப் போகாம "சார், ஈபி பில்லை வாட்ஸாப்ல அனுப்புங்க, மொத்தத்தை யூனிட் கணக்குல பிரிச்சுக்கலாம்"னு ரெண்டு போர்ஷன்காரங்களும் சேர்ந்து கேளுங்க. யூனிட்டுக்கு ஆறரைக்குள்ள வந்துடும். தனி கிச்சன், தனி வாசல் இருந்தா தனி இணைப்புக்கு எழுதிப் போட ஓனர் கையெழுத்து வேணும், அடுத்த அக்ரிமெண்ட் போடறப்போ அதை பேசுங்க.

கேள்வி: ஆன்லைன்ல அஞ்சு ஸ்டார்னு போட்டிருந்த ஏசி, ஆஃபர்ல கிடைச்சுது. மாட்டினப்புறம் தான் பாத்தேன், ஸ்டிக்கர்ல மூணு ஸ்டார், தயாரிச்சது ரெண்டு வருஷம் முன்னாடி. இப்ப என்ன பண்றது? (சேலம்)

பதில்: டப்பாவை உடைக்கிறதுக்கு முன்னாடி ஏன் பாக்கலங்கறது என் கேள்வி. டெலிவரி பையன் நிக்கும்போதே வெளியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை படிக்க அரை நிமிஷம் ஆகுமா? அம்பதாயிரம் ரூபா சாமான். தக்காளி வாங்கும்போது திருப்பித் திருப்பி அமுக்கிப் பாக்கறோம்ல. ஸ்டார் ரூலை அப்பப்ப இறுக்குவாங்க, 2022 ஜூலையில இறுக்கினப்போ அதுவரைக்கும் அஞ்சா இருந்த மிஷின் ஒரே நாள்ல நாலாச்சு, அதனால ஸ்டாரை மட்டும் பாக்காம அது எந்த வருஷத்து ஸ்டார்னு பாக்கணும்.

ஆனா உங்க விஷயம் வேற. போட்டிருந்தது அஞ்சு, வந்தது மூணுன்னா அது ஏமாத்து வேலை. அந்த விளம்பரப் பக்கத்தை அவங்க மாத்தறதுக்குள்ள போட்டோ எடுத்து வைங்க, ஸ்டிக்கரையும் எடுங்க, முதல்ல கம்பெனிக்கு மெயில், அப்புறம் 1915. அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், வக்கீலும் கட்டாயமில்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அவ்ளோ தான்.

கேள்வி: ஈ-ஸ்கூட்டர் வாங்கி எட்டு மாசம், அதுல மூணு மாசம் சர்வீஸ்ல நிக்குது. எங்க ஊர்ல சர்வீஸ் சென்டர் இல்ல, 70 கிலோமீட்டர் போகணும். (ராமநாதபுரம்)

பதில்: இது வாங்கினப்பவும் 70 கிலோமீட்டர் தானே?

கேள்வி: இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்ததுல இருந்து என் 2014 பைக் மைலேஜ் 50-லிருந்து 40 ஆயிடுச்சு. எத்தனால் தானே காரணம்? (கோயம்புத்தூர்)

பதில்: பாதி கூட இல்ல. எத்தனால்ல பெட்ரோலை விட சக்தி மூணுல ஒரு பங்கு கம்மி, அதுல 20 சதவீதம் கலந்தா சுத்த பெட்ரோலை விட மொத்தத்துல ஆறேழு சதவீதம் குறையும். 50 இருந்தா மிஞ்சிப் போனா 46, 47 ஆகணும். 40-க்கு போச்சுன்னா ஏர் ஃபில்டர், செயின், கிளட்ச், டயர் காத்து இதையெல்லாம் பாருங்க. பங்க் மேலயும் சந்தேகம்னா அஞ்சு லிட்டர் அளவு பாத்திரம் அங்க வச்சிருக்கணும், அதுல ஊத்திக் காட்ட சொல்லலாம், முறைப்பாங்க, காட்ட சொல்லுங்க. பைக் பழசுங்கறதால பெட்ரோல் ட்யூபையும் ரப்பர் வாஷரையும் ஒரு தடவை மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க.

எத்தனால் கலக்கறதுக்கு நான் எதிரி இல்ல, கரும்புக்காரனுக்கு காசு போகட்டும், வெளிநாட்டு எண்ணெய் குறையட்டும். 2030-க்குன்னு வச்ச இலக்கை 2025-லயே முடிச்சாங்க, சந்தோஷம். ஆனா சக்தி கம்மியான சரக்கை அதே விலைக்கு வித்துட்டு, பழைய வண்டிக்காரனுக்கு வேற பெட்ரோல் போட வழியும் இல்லாம பண்ணா அதை கேக்கத்தான் செய்வாங்க.

கேள்வி: "பில் கட்டல, இன்னிக்கு ராத்திரி 9.30-க்கு கரண்டு கட்"னு மெசேஜ் வந்துது. அதுல இருந்த நம்பருக்கு கூப்பிட்டேன், ஒரு ஆப் போட சொன்னாங்க, 48,000 போயிடுச்சு. ரிட்டையர் ஆனவன் சார் நான். பையன்கிட்ட இன்னும் சொல்லல. (திருநெல்வேலி)

பதில்: ஐயா, இதைப் படிச்ச உடனே 1930-க்கு (சைபர் மோசடி புகார் எண்) போன் போடுங்க, மீதி அப்புறம். அடுத்தது பேங்க், கார்டு, நெட் பேங்கிங் எல்லாத்தையும் நிறுத்த சொல்லி புகார் நம்பர் வாங்குங்க. நீங்களா விவரம் குடுத்துப் போன காசுக்கு பேங்க் பொறுப்பில்லைன்னு சொல்லும், ஆனா புகார் சொன்னதுக்கு அப்புறம் போற காசு பேங்கோட தலையில தான், ரிசர்வ் பேங்க் 2017-லயே சொல்லியிருக்கு, அதனால ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். அந்த ஆப்பை எடுத்துட்டு, போனை கொஞ்ச நேரம் நெட் இல்லாம வைங்க. ராத்திரி 9.30-க்கு ஃபியூஸ் புடுங்க எந்த லைன்மேனும் வரமாட்டார், பகல்ல கரண்டு போச்சுன்னு கூப்பிட்டாலே எப்ப வர்றாங்கன்னு நமக்குத் தெரியும். இன்னிக்கே பையன்கிட்ட சொல்லிடுங்க ஐயா. படிச்சவங்க, பேங்க்ல வேலை பாத்தவங்களே இதுல மாட்டியிருக்காங்க.

கேள்வி: கேஸ் விலைக்கு இண்டக்ஷன் அடுப்புக்கு மொத்தமா மாறிடலாமா? (திருச்சி)

பதில்: ஒரு சிலிண்டர்ல ஆகற சமையலுக்கு இண்டக்ஷன்ல சுமாரா 120 யூனிட் ஆகும். 4.70 ரேட்ல ஓடற வீடுன்னா 564 ரூபா, லாபம். 500-ஐ தாண்டின வீடுன்னா அதே 120 யூனிட் ஆயிரத்தைத் தாண்டும், நஷ்டம். நீங்க எத்தனை யூனிட்னு எழுதவே இல்லயே மேடம். எழுதி அனுப்புங்க, சொல்றேன்.